முறைக் காய்ச்சல்

1994 தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா மெட்ராஸிலிருந்து வந்தார். ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றபடி வந்து, காரைக்குடியில் இறங்கி, தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊருக்கு விடிகாலையில் நடந்தே வந்துவிட்டார். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் எனக்கு இரண்டு பாக்கெட் வெடி கூடுதலாக வாங்கலாம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். எனக்கு அப்போது 11 வயது. அக்கா ஒன்பதாம் வகுப்பு.

வந்த அன்று சாயங்காலம் குளிருகிறது என்றார். ஐப்பசி மழை ஆரம்பித்திருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் பல் கிட்டத் தொடங்கியது. வீட்டில் இருந்த இரண்டு போர்வை, அம்மாவின் பழைய சேலை, நெல் சாக்கு என்று எல்லாவற்றையும் போட்டு மூடினோம். கயிற்றுக் கட்டில் தரையில் தட்டுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. "மேலே படுத்து அமுக்குங்க" என்றாள் அம்மா. நானும் அக்காவும் அப்பாவின் மேல் குறுக்காகப் படுத்தோம். எங்களையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது அந்த உடம்பு. ஒரு மணி நேரம் கழித்துக் குளிர் நின்று அனல் பறந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வேர்த்துக் கொட்டிப் பாய் நனைந்து, அடித்துப் போட்டது போல் தூங்கிவிட்டார்.

மறுநாள் எழுந்து கஞ்சி குடித்தார், வயலைப் போய்ப் பார்த்தார், எங்களுக்குத் துணி எடுக்கக் காரைக்குடிக்கும் போய்வந்தார். "ரயில்ல நின்னுக்கிட்டே வந்தது. வேற ஒண்ணுமில்ல" என்றார். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குக் கட்டில் மறுபடி தட்டியது.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாதான் முதலில் பெயர் சொன்னாள். "இது முறைக் காய்ச்சலுடி. எங்க அண்ணனுக்கு வந்ததுதான்."

அப்பத்தாவின் அண்ணன் கண்டிச்சீமைக்குப் போனவர். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியிருக்கிறார். இலங்கையில் 1934 கடைசியிலும் 1935-லும் மலேரியா வெடித்தபோது அங்கே இருந்தவர். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றுபோக, அதில் கொசு பெருகி, சுமார் 80,000 பேர் செத்துப்போனார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பத்தாவுக்கு எண்ணிக்கை தெரியாது. கப்பலேறி தனுஷ்கோடி வழியாகத் திரும்பி வந்த அண்ணன் குச்சியாக இளைத்து, இடது விலாவுக்குக் கீழே வயிறு மட்டும் கல்லாகப் புடைத்திருந்ததும், கொயினா மாத்திரையின் கசப்புக்குப் பயந்து அவர் வாயை இறுக்கிக்கொண்டதும், அவருக்காக வீட்டு உழவு மாட்டு ஜோடியை விற்றதும்தான் அவளுக்குத் தெரியும். "மாடு போச்சு. மறு வருசம் உழவு போச்சு. அண்ணனும் போயிட்டாரு" என்பாள். அந்த வரிசையை அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அப்பா மெட்ராஸில் கொத்தனாருக்குக் கையாள். வேளச்சேரிப் பக்கம் அடுக்கு மாடி கட்டுகிற இடத்திலேயே, பூசாத சுவர்களுக்கு நடுவே, சிமெண்டு சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். தளம் போட்டதும் மேலே பாத்தி கட்டிப் பல நாள் தண்ணீர் நிறுத்துவார்கள். கீழே தொட்டியிலும் பீப்பாயிலும் தண்ணீர் நிற்கும். கொசு என்றால் சாக்கடை என்றுதான் நாம் நினைக்கிறோம். பட்டணத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரில் முட்டையிடுகிற கொசு. கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைத் தண்ணீர் எல்லாம் அதற்குத் தோதான இடம். தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும் பங்கு அந்தக் காலத்தில் மெட்ராஸில்தான் இருந்தது. வானம் பார்த்த பூமியான எங்கள் பக்கத்திலிருந்து மழையில்லாத மாதங்களில் ஆண்கள் கட்டட வேலைக்குப் போவார்கள். அறுப்புக்கும் பண்டிகைக்கும் திரும்புவார்கள். ரத்தத்தில் ஏறிய காய்ச்சலும் கூடவே ஊர் வந்துவிடும். கொசு கடித்த இடம் பட்டணம் என்றாலும் செலவு விழுந்த இடம் எங்கள் வீடு.

முதலில் ஊசி போடுகிறவரிடம் போனோம். படித்த டாக்டர் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பார், கடன் சொல்லலாம், கூலிக்குப் போய் வந்த பிறகு பார்க்கலாம். ஏழைகள் ஏன் அரசு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இப்படிப்பட்டவர்களிடம் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு எப்போதும் இதைத்தான் சொல்கிறேன். மூன்று ஊசி, இரண்டு பாட்டில் குளுக்கோஸ். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் இருக்காது. முறைக் காய்ச்சலுக்கு அது எப்படியும் வராத நாள். ஊசியால்தான் குணமானது என்று நம்பி அடுத்த ஊசிக்கும் காசு கொடுத்தோம். ஒரு வாரம் அப்படி ஓடியது.

பிறகுதான் காரைக்குடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா, வைவாக்ஸ் வகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்தார். எங்கள் எல்லோருக்கும் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு குளோரோகுயின் வெள்ளை மாத்திரைகளும், பிரைமாகுயின் என்ற சிறு மாத்திரைகளும் கொடுத்தார். வாசல் கதவுப் பக்கச் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுப் போனார். ஒரு காசு வாங்கவில்லை. அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். பிரைமாகுயினை ஐந்து நாள் போடச் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் அடியோடு விட்டதும், வயிற்றைப் பிரட்டுகிறது என்று அப்பா மீதியை நிறுத்திவிட்டார். ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்வது ஒரு மாத்திரை, ஈரலுக்குள் ஒளிந்து தூங்கும் கிருமியைக் கொல்வது இன்னொன்று என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஐந்து நாள் போதாது என்று பின்னாளில் அதை 14 நாளாக்கினார்கள்.

அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. அவருடைய அப்பா, எங்கள் அய்யா, ஒரு செட்டியார் வீட்டில் வேலை பார்த்தவர். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த குடும்பம் அது. வரவு, பற்று, பேரேடு, வருசக் கடைசியில் ஐந்தொகை எடுப்பது என்று அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததை அய்யா பழகினார். அவரிடமிருந்து அப்பா பழகினார். எங்களுக்குப் பேரேடு தேவைப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு ரூபாய் கை மாறினாலும் அப்பா எழுதிவிடுவார். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது:

ஊசி 3 தடவை, 75. குளுக்கோஸ் 2 பாட்டில், 160. மாத்திரை, டானிக், 64. பஸ், 36. ரத்தம் பார்த்தது, 30. ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, 58. சர்க்கார் மாத்திரை, இனாம். ஆக 423.

அந்த 423 ரூபாயை இப்போது பார்த்தால் சின்னத் தொகையாகத் தெரியலாம். அப்போது எங்கள் ஊரில் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு நாள் கூலி 15 ரூபாய். அம்மா 28 நாள் குனிந்து எடுத்தால்தான் அந்தப் பணம்.

பின்னாளில் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது சிண்டன் என்ற ராணுவ மருத்துவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் விருது வாங்கியவர். மலேரியாவால் இந்தியாவுக்கு ஆகும் நஷ்டம் என்ன என்று 1930-களின் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மருந்துச் செலவோடு நிறுத்தாமல் போன வேலை நாட்கள், தரிசாய்ப் போன நிலம், எழுந்து நடமாடினாலும் பாதி வேலைதான் செய்யமுடிகிற உடம்பு என்று எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவரப் பார்த்தவர். அதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் நோட்டுதான் ஞாபகம் வந்தது. லீவுக்கு ஊருக்குப் போனபோது அதை எடுத்து, அப்பா எழுதாததை எழுதிப் பார்த்தேன்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் மெட்ராஸுக்குத் திரும்புவதாக இருந்தார். மார்கழியில்தான் போக முடிந்தது. 26 நாள் வேலை போனது. கையாளுக்கு 60 ரூபாய் வீதம் 1,560. அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா வேலைக்குப் போகாத 11 நாளுக்கு 165. இரண்டும் சேர்ந்து 1,725. நாங்கள் கொடுத்த காசைப் போல் நாலு மடங்கு. நோட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது. கைக்கு வராத பணத்தைப் பற்றில் எப்படி எழுதுவது என்று அய்யாவுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வயலை எழுதினால் இன்னும் கூடும். ஒரு கோயில் நிலத்தில் முக்கால் ஏக்கர் வாரத்துக்கு எடுத்திருந்தோம். புழுதியில் விதைத்து, ஐப்பசி மழையில் முளைத்து, கார்த்திகையில் கண்மாய்த் தண்ணீரை நம்பி நிற்கும் நெல். மடை திறந்து தண்ணீர் விடுவதற்கு ஊரில் முறை உண்டு. எங்கள் முறைக்கு ஆள் போய் நின்று வாய்க்காலைத் திருப்பிக்கொள்ளாவிட்டால் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். அந்த முறையும் காய்ச்சலின் முறையும் ஒரே நாளில் வந்தன. மத்தியானம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் பார்த்தபோது ஈர வரப்பில் சுருண்டு கிடந்தார். அம்மா ஒரு பக்கம் அவரைப் பிடித்துக் கூட்டி வந்தாள், மண்வெட்டியை நான் தூக்கி வந்தேன். தண்ணீர் யாருக்கோ போனது. களையும் நேரத்துக்கு எடுக்கவில்லை. எப்போதும் ஒன்பது மூட்டை காணும் நிலம் அந்தத் தையில் நாலு மூட்டை கண்டது. பாதி கோயிலுக்கு. வீட்டுக்கு வந்தது இரண்டு மூட்டை.

கடன் இங்கேதான் நுழைந்தது. அம்மாவின் கல்யாணச் சீர் பித்தளை அண்டா இரண்டும், அக்காவுக்காகச் சேர்த்து வாங்கியிருந்த கம்மலும் காரைக்குடியில் ஒரு அடகுக் கடைக்குப் போயின. 1,500 ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 45. அதை அப்பா விடாமல் எழுதியிருக்கிறார். 22 மாதம், 990 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருக்கிறோம். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அதற்குப் பிறகு கட்ட முடியாமல் அடகு மூழ்கிவிட்டது.

அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டு ஆச்சி, "எங்கிட்டக் கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே" என்று பிறகு வருத்தப்பட்டார்கள். நல்ல மனசுதான். ஏற்கெனவே இரண்டு மாதச் சம்பளம் முன்பணமாக வாங்கித் தின்றிருந்தோம். இன்னொரு முறை அந்த வளவில் போய் நிற்க அம்மாவுக்குக் கால் வரவில்லை.

மார்கழியில் மெட்ராஸுக்குப் போன அப்பாவுக்குப் பழைய இடத்தில் வேலை இல்லை. கையாள் வேலைக்கு ஆள் கிடைக்காமலா இருக்கும்? அங்கங்கே வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள் போனார். மாசியில் மறுபடி கட்டில் தட்டியது, இந்த முறை பட்டணத்தில். கூட இருந்தவர்கள் எழும்பூரில் ரயிலேற்றிவிட்டார்கள். ஒளிந்திருந்த கிருமி எழுந்துகொண்டது.

இரண்டாம் தடவைதான் எங்களை முறித்தது. முதல் தடவை விற்கவும் அடகு வைக்கவும் ஏதோ இருந்தது. இப்போது உடம்பு மட்டும்தான் மிச்சம். அப்பா எழுந்து நடமாடினார், ஆனால் வெளிறிப்போய், நாலு சட்டி மண் தூக்கினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். முழுக் கூலிக்கு யாரும் கூப்பிடவில்லை. தெருவில் மருந்து அடிக்க ஆட்கள் வந்ததும், "பட்டணத்துல இருந்து கொண்டாந்துட்டான்" என்று பேச்சு வேறு கிளம்பியது. வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொன்ன கோபமெல்லாம் அப்பாவின் மேல் திரும்பியது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த இன்னொருவருக்கும் அதே காய்ச்சல் இருந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் படுத்துக் கிடந்தார்.

அந்தப் பங்குனியில் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு நாள் அம்மாவோடு கரிமூட்டம் போடுகிற இடத்துக்குச் சீமைக் கருவேல விறகு சுமக்கப் போனாள். மறுநாளும் போனாள். கணக்கில் கெட்டிக்காரி அவள். எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தது அவள்தான். பரீட்சை எழுத வரச்சொல்லி டீச்சர் ஆளனுப்பினார். "அடுத்த வருசம் எழுதிக்கிறேன்னு சொல்லு" என்று என்னிடமே சொல்லி அனுப்பினாள். அந்த அடுத்த வருசம் வரவே இல்லை. நான் படித்தேன். அவள் சம்பாதித்த கூலியில் என் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் நடந்தன. மலேரியாவில் எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தச் செலவை நான் பல முறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் வந்ததும் கூட்டல் நின்றுவிடுகிறது. பத்தாவது முடித்து, நர்சிங்கோ ஆசிரியர் பயிற்சியோ படித்திருந்தால் இருபது, முப்பது வருசச் சம்பளம் என்னவாகியிருக்கும் என்று எழுதத் தொடங்கி ஒவ்வொரு தடவையும் பேனாவை வைத்துவிடுகிறேன்.

நாடுகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். காலப், ஜெஃப்ரி சாக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், மலேரியா கடுமையாக இருந்த நாடுகளில் தலைக்கு வருமான வளர்ச்சி ஆண்டுக்கு 1.3 சதவீதம் குறைவாக இருந்தது என்று கண்டார்கள். கால் நூற்றாண்டு கூடினால் அது மலைபோல் வித்தியாசம். அந்தச் சதவீதத்தின் உள்ளே வரப்பில் சுருண்டு கிடந்தவர்களும் பரீட்சைக்குப் போகாத பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். டி.டி.டி. அடித்து 1961-இல் ஐம்பதாயிரம் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒழிந்தது என்று கையை எடுத்ததும் 1976-இல் 64 லட்சத்துக்கு எகிறியது. இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றுவிட்டது. அப்பத்தா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அப்பா மூன்றாவது ஆண்டில்தான் பழையபடி வேலைக்குப் போனார். பிறகு காய்ச்சல் வரவில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் தூண், கதவு, பீங்கான், பித்தளை எல்லாம் அங்கே விற்பனைக்கு நிற்கும். அந்தத் தெரு வழியாகப் போனால் அம்மா கடை வாசலில் அண்டாக்களின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன் அவள் பெயரை வெட்டிக் கொடுத்த அண்டாக்கள். இதுவரை கிடைத்ததில்லை.

போன வருசம் நான் காரைக்குடியில் வீடு கட்டினேன். மேஸ்திரியிடம் வேலை செய்தவர்களில் நாலு பேர் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். நாட்டிலேயே மலேரியா அதிகம் உள்ள மாநிலங்களில் ஒன்று அது. ஒருவன் இரண்டு நாளாக வரவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். தளத்துக்குக் கீழே, பூசாத சுவருக்கு நடுவே, சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ரத்தம் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், எல்லாம் இலவசம். திரும்பி வந்து மேஸ்திரியின் நோட்டைப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேரே ஆறு நாள் கட்டம் வெறுமையாக இருந்தது. ஊரில் அவனுக்கு அம்மாவும் தங்கையும் என்று சொன்னான். மருத்துவ விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிற ஈ.எஸ்.ஐ. அட்டை அப்பாவிடமும் இருந்ததில்லை, இவனிடமும் இல்லை. அந்த ஆறு கட்டத்தையும் நிரப்பச் சொன்னேன். மேஸ்திரி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தளத்தில் நிறுத்தும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறையாவது வடித்துக் காயவிட்டு மறுபடி நிரப்புங்கள். தொட்டியை மூடி வையுங்கள். உங்கள் வேலைக்காரருக்குக் குளிர் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் பார்க்கக் கூட்டிப் போங்கள், வைவாக்ஸ் மலேரியா என்றால் 14 நாள் மாத்திரையையும் அவர் முடிக்கிறாரா என்று கேளுங்கள். படுத்திருக்கும் நாட்களின் கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள். ஊரில் அவருக்கு ஒரு அக்காவோ தங்கையோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள்.